பச்சை வட்டம் சொல்லாதது

"மாமா, ஸ்ட்ரைக்கருக்கு எந்த ரோல் பெஸ்ட்?"

இரவு பதினொன்றரைக்கு அக்கா மகனிடமிருந்து வாட்ஸப். கூடவே ஒரு ஸ்கிரீன்ஷாட். ஃபுட்பால் மேனேஜர் 2024, இங்கிலாந்தின் இரண்டாம் அடுக்கு லீகில் ஓர் அணி, 4-2-3-1 வரிசை. பதினொரு பேருக்குப் பக்கத்திலும் பச்சை வட்டம். 'இந்த ரோலுக்கு இந்த ஆள் பொருத்தம்' என்று விளையாட்டே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. ஆனால் ஏழு ஆட்டமாக ஒரு வெற்றிகூட இல்லை.

"ஸ்ட்ரைக்கர் இருக்கட்டும். இடது பக்கம் கோட்டோரமா யார் நிக்கிறாங்க?"

"விங்கர் இருக்கானே."

"அவனை உள்ளே வர்ற ரோல்ல வெச்சிருக்கே. அவன் உள்ளே வந்துட்டா?"

'டைப்பிங்' என்று கொஞ்ச நேரம் காட்டியது. அப்புறம் நின்றுவிட்டது. தூங்கப் போயிருப்பான், இல்லையென்றால் லேப்டாப்பைத் திறந்திருப்பான்.

அவன் கேட்ட கேள்விக்கு யூடியூபில் பட்டியல் பட்டியலாகப் பதில் கிடைக்கிறது. இந்த ஐந்து ரோலை வை, கோப்பை உனக்குத்தான் என்கிறார்கள். சில பட்டியல்கள் பலிக்கவும் செய்யும். ஏன் பலித்தது என்று தெரியாததால், ஆள் மாறினாலோ அணி மாறினாலோ அடுத்த பதிப்பு வந்தாலோ மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியதுதான். என் கட்சி வேறு. தனியாக நிற்கும் நல்ல ரோல் என்று ஒன்று கிடையாது. பக்கத்து ஆள் காலி செய்துவிட்டுப் போகிற இடத்தை எது நிரப்புகிறதோ அதுதான் அந்த இடத்துக்கு நல்ல ரோல். அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை அவனுக்குச் சொன்ன மாதிரியே இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

ரோல் என்பது என்ன

ஃபுட்பால் மேனேஜரில் பந்தை நீங்கள் உதைப்பதில்லை. ஆள் எடுக்கிறீர்கள், பயிற்சி கொடுக்கிறீர்கள், யார் எங்கே நிற்க வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறீர்கள். ஆட்டம் தொடங்கியதும் பயிற்சியாளர் பெஞ்சில் உட்கார்ந்து நகத்தைக் கடிக்க வேண்டியதுதான். இங்கிலாந்தின் ஷ்ரோப்ஷயரைச் சேர்ந்த பால் காலியர், ஆலிவர் காலியர் என்ற அண்ணன் தம்பி எழுதி, 1992-ல் 'சாம்பியன்ஷிப் மேனேஜர்' என்ற பெயரில் வெளிவந்த விளையாட்டு இது. பிறகு பதிப்பாளரோடு பிரிவு. பழைய பெயர் பதிப்பாளரிடம் தங்கியது, விளையாட்டின் உள்கட்டு காலியர் சகோதரர்களின் ஸ்போர்ட்ஸ் இன்டராக்டிவ் நிறுவனத்திடம் தங்கியது. 2004 நவம்பரில் 'ஃபுட்பால் மேனேஜர் 2005' என்று புதுப் பெயரோடு வந்தார்கள்.

அந்தக் காலத்தில் ரோல் கிடையாது. ஒவ்வொரு வீரருக்கும் பக்கத்தில் ஸ்லைடர்கள் இருக்கும். எவ்வளவு முன்னேறலாம், எவ்வளவு துணிச்சலாகப் பாஸ் போடலாம், எதிராளியை எவ்வளவு நெருக்கலாம் என்று ஒவ்வொன்றையும் இழுத்து இழுத்து வைக்க வேண்டும். பழைய ரேடியோவில் ஸ்டேஷன் பிடிப்பது போன்ற வேலை. 2010 பதிப்பில்தான் இதை மனிதர் பேசும் மொழிக்குக் கொண்டுவந்தார்கள். 'இவர் ஆடுவது இந்த ரோல்' என்று ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்தால், அதற்குரிய கட்டளைகள் ஒரு கட்டாக வந்துவிடும். ஆக, வரிசையில் அவர் நிற்கும் புள்ளி பொசிஷன். அந்தப் புள்ளியிலிருந்து கிளம்பி எங்கே போகிறார், பந்து கிடைத்தால் என்ன செய்கிறார் என்பது ரோல்.

இதோடு 'டியூட்டி' என்று இன்னொன்று உண்டு. டிஃபெண்ட், சப்போர்ட், அட்டாக் என்று மூன்று வகை. ஒரே விங் பேக் ரோலை சப்போர்ட்டில் வைத்தால் பந்தோடு கூடவே மேலே போவார். அட்டாக்கில் வைத்தால் பந்துக்கு முன்னாலேயே ஓடிவிடுவார். சில ரோல்களுக்கு ஒரே டியூட்டிதான், மாற்ற முடியாது. 2024 வரைக்கும் இதுதான் ஏற்பாடு. 2025 பதிப்பு வெளிவராமலே கைவிடப்பட்டது. 2025 நவம்பரில் வந்த ஃபுட்பால் மேனேஜர் 26 டியூட்டியைத் தூக்கிவிட்டு, ஒரே வீரருக்கு இரண்டு ரோல் கொடுத்திருக்கிறது. பந்து நம்மிடம் இருக்கும்போது ஒன்று, எதிரணியிடம் இருக்கும்போது இன்னொன்று. என் மருமகன் இன்னும் 2024-லேயே இருப்பதால் நானும் அதை வைத்தே பேசுகிறேன். யோசிக்கும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான்.

வட்டத்தின் கணக்கு

ஒவ்வொரு வீரருக்கும் திறன்கள் 1 முதல் 20 வரை எண்ணாக இருக்கும். பாஸிங், ஃபினிஷிங், டேக்ளிங் போன்றவை கால் திறமை. டெசிஷன்ஸ், ஆன்டிசிபேஷன், வொர்க் ரேட் போன்றவை தலைக்குள் இருப்பவை. வேகம், வலு, தம் எல்லாம் உடம்பு. ஒரு ரோலைத் தொட்டதும் அதற்கு முக்கியமான திறன்கள் திரையில் பளிச்சென்று தெரியும். அவற்றில் ஆள் தேறினால் வட்டம் பச்சையாக நிறையும், சுமார் என்றால் மஞ்சள், அதற்கும் கீழே போனால் சிவப்பை நோக்கி.

தப்பில்லை, உதவியான சங்கதிதான். ஆனால் அந்த வட்டம் ஒரே ஒருவரைப் பார்த்துச் சொல்லப்படும் தீர்ப்பு. பக்கத்தில் யார் ஆடுகிறார், எதிரே யார் நிற்கிறார் என்பது அதற்குத் தெரியாது. சமையலுக்கு ஆள் எடுக்கும்போது பதினொரு பேரும் நன்றாகச் சாம்பார் வைப்பார்கள் என்று சான்றிதழ் வாங்கிய மாதிரி. பந்தியில் பதினொரு சாம்பார் வரும், சோறு வராது.

இன்னொரு கோளாறும் இருக்கிறது. முக்கியத் திறன்கள் பலவற்றில் நல்ல எண் இருந்து ஒன்றில் மட்டும் பள்ளம் இருந்தால், வட்டம் அந்தப் பள்ளத்தைப் பூசி மறைத்துவிடும். ஆட்டத்தை நடத்தும் டீப் லையிங் ப்ளேமேக்கருக்கு பாஸிங் 16, டெசிஷன்ஸ் 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டம் ஓரளவு பச்சையாகத்தான் இருக்கும். களத்தில் என்ன ஆகும் என்றால், தபால் மாதிரி அச்சுப் பிசகாமல் போய்ச் சேருகிற அழகான பாஸை, தப்பான ஆளுக்குப் போடுவார். ஆகவே நான் வட்டத்தைப் பார்த்த கையோடு, அதற்குப் பின்னால் இருக்கும் எண்களில் எது மிகக் குறைவு என்று ஒரு பார்வை பார்ப்பேன். குறிப்பாக டெசிஷன்ஸ், கான்சன்ட்ரேஷன், டீம்வொர்க், வொர்க் ரேட். இவை எந்த ரோலிலும் கணக்குக் கேட்கும்.

ஐந்து பட்டை

இனி மருமகனின் அணிக்கு வருவோம். ஸ்கிரீன்ஷாட்டை நான் படித்த விதத்தை அப்படியே சொல்கிறேன்.

மைதானத்தை நீளவாக்கில் ஐந்து பட்டையாக மனதுக்குள் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு ஓரப் பட்டை, நடுவில் ஒன்று, ஓரத்துக்கும் நடுவுக்கும் இடையில் இரண்டு. இது நான் கண்டுபிடித்ததில்லை, நிஜப் பயிற்சியாளர்களே பயிற்சித் திடலில் கோடு போட்டு வைத்துச் சொல்லிக்கொடுக்கும் முறை. நம் அணி எதிரணியின் பெனால்டி பெட்டிக்கு அருகே போய்விட்டது என்று கற்பனை செய்யுங்கள். ஒவ்வொரு பட்டையிலும் யார் இருக்கிறார்?

அவனுடைய இடது பக்கம் இது. விங்கர் இடத்தில் வலது கால்காரர் ஒருவர், ரோல் இன்சைட் ஃபார்வர்ட், அட்டாக். இந்த ரோலில் உள்ளே வெட்டி வருவது கூடவே வரும் கட்டளை, நீக்க முடியாது. அவர் ஓரத்தை விட்டு இரண்டாம் பட்டைக்கு வந்துவிட்டார். சரி, அப்படியானால் லெஃப்ட் பேக் வெளியே ஏறி ஓரத்தைப் பிடிக்க வேண்டும். ஆனால் அவருக்கு இன்வெர்ட்டட் விங் பேக் என்ற ரோல். பந்து நம்மிடம் வந்ததும் அவரும் உள்ளே, நடுக்களத்துக்குள் நுழைவார். இடது நடுக்கள வீரர் செகுண்டோ வொலாண்டே, அட்டாக். பின்னாலிருந்து கிளம்பி அதே இரண்டாம் பட்டை வழியாகப் பெட்டிக்குள் ஓடுபவர். ஸ்ட்ரைக்கர் டீப் லையிங் ஃபார்வர்ட், பந்து வாங்கக் கீழே இறங்குவார்.

ஆக, நான்கு பேரும் ஒரே பேருந்தின் ஃபுட்போர்டில். இடது ஓரப் பட்டையில் ஈ, காக்கை இல்லை. எதிரணியின் ரைட் பேக் என்ன செய்வார்? அவருக்கு ஓரத்தில் காவல் காக்க ஆளே இல்லாததால், நிம்மதியாக உள்ளே வந்து கூட்டத்தில் இன்னொருவராக நின்றுகொள்வார். பந்து அங்கே போனால் பாஸ் போட வழி இருக்காது. பறிபோகும். பறிபோன பந்து எங்கே போகும்? லெஃப்ட் பேக் இல்லாத அந்தக் காலி ஓரத்துக்கு. அங்கே தனியாக ஓடிவர வேண்டியவர் நம் இடது சென்டர் பேக், பேஸ் அதாவது வேகம் 9.

வலது பக்கம் இதற்கு நேர் எதிர்க் கூத்து. விங்கர் கோட்டை ஒட்டி நிற்கும் ரோல். அவருக்குப் பின்னால் ரைட் பேக், விங் பேக் அட்டாக். அவரும் அதே கோட்டை ஒட்டி ஏறுகிறார். ஒரே வரப்பில் இரண்டு பேர் முன்னும் பின்னுமாக நடப்பது போல. நான்காம் பட்டையில் ஒருவரும் இல்லை.

இத்தனைக்கும் எல்லாம் பச்சை. ஒவ்வொருவரும் அவரவர் வேலையை ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருந்தார்கள். அவன் கவலைப்பட்ட ஸ்ட்ரைக்கர்தான் இதில் சரியாக இருந்த ஒரே இடம். அவருக்குப் பின்னால் ஷேடோ ஸ்ட்ரைக்கர் ஒருவர் இருந்தார். ஸ்ட்ரைக்கர் கீழே இறங்க, சென்டர் பேக் பின்தொடர, அந்த இடைவெளியில் ஷேடோ ஸ்ட்ரைக்கர் புகுந்து ஓடுவார். ஒருவர் இறங்கினால் ஒருவர் ஏற வேண்டும் என்ற கணக்கு அங்கே மட்டும் பொருந்தியிருந்தது.

வெம்ப்ளியில் ஒன்பதாம் எண்

அந்தக் கணக்குக்கு எழுபது வருஷத்துக்கு மேல் வயசு. 1953 நவம்பர் 25, லண்டன் வெம்ப்ளி. இங்கிலாந்துக்கு எதிராக ஹங்கேரி. ஹங்கேரியின் ஹிடெக்குட்டி போட்டிருந்தது 9-ஆம் எண் சட்டை. ஒன்பது என்றால் அக்காலத்தில் சென்டர் ஃபார்வர்ட், எதிரணியின் சென்டர் ஹாஃபோடு மல்லுக்கட்டி நிற்க வேண்டியவர். அவரோ நடுக்களத்துக்கு இறங்கிப் போய்விட்டார். அவரைக் காவல் காக்க வேண்டிய இங்கிலாந்தின் ஹாரி ஜான்ஸ்டனுக்குத் தர்மசங்கடம். கூடவே போனால் பின்னால் ஓட்டை, போகாமல் நின்றால் ஹிடெக்குட்டி சாவகாசமாகத் திரும்பி ஆடுவார். ஆட்டம் 6-3. ஹிடெக்குட்டிக்கு மூன்று கோல்.

2009 மே 2, மாட்ரிட். ரியல் மாட்ரிட்டின் சொந்த மைதானத்தில் பார்சிலோனா. பார்சிலோனாவின் பயிற்சியாளர் குவார்டியோலா மெஸ்ஸியை வலது ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவந்து, எட்டோவை ஓரத்துக்கு அனுப்பினார். மெஸ்ஸி கீழே இறங்கினார், மாட்ரிட்டின் சென்டர் பேக்குகளுக்கு ஜான்ஸ்டனின் அதே சங்கடம். 6-2. விளையாட்டில் இதற்கு 'ஃபால்ஸ் நைன்' என்று பெயர். மெஸ்ஸி ஆடிய ரோல் என்று அதைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஏராளம். அன்று மெஸ்ஸிக்கு இரண்டு கோல் என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். இடது ஓரத்திலிருந்து ஆடிய ஹென்றிக்கும் இரண்டு கோல் என்பது மறந்துபோகும். 1953-ல் ஹிடெக்குட்டி இறங்கும்போதெல்லாம் புஷ்காஷும் கோச்சிஷும் ஏறினார்கள், 2009-ல் ஹென்றியும் எட்டோவும். ஏறுவதற்கு ஆள் வைக்காமல் ஃபால்ஸ் நைன் மட்டும் வைத்தால், எதிரணியின் பெட்டிக்குள் நம் சட்டையே தெரியாது. பந்து 65 சதவீதம் நம்மிடம் இருந்தது என்று புள்ளிவிவரம் காட்டும், கோல்போஸ்ட்டுக்குள் போன ஷாட் ஒன்றோ இரண்டோ.

பெயரின் கவர்ச்சிக்கு மயங்குவது இந்த விளையாட்டில் சகஜம். நானே மயங்கியிருக்கிறேன். ஜெர்மன் மொழியில் 'ரவும்டாய்ட்டர்' என்று ஒரு ரோல். ஜெர்மன் வீரர் தாமஸ் முல்லர் தன்னைப் பற்றி 2011-ல் ஒரு பேட்டியில் சொன்ன வார்த்தை. 'ரவும்' என்றால் வெளி, காலியிடம். காலியிடத்துக்குப் பலன் சொல்பவர் என்று பொருள். 'ட்ரவும்டாய்ட்டர்' என்றால் கனவுக்குப் பலன் சொல்பவர், அதிலிருந்து ஓர் எழுத்துச் சத்தத்தைக் கழற்றிய சிலேடை. தமிழில் சிலேடைக்குப் பழகிய நமக்கு உடனே பிடித்துப்போகும். ஆனால் அந்த ரோலை ஆடுபவர் பந்து நம்மிடம் இல்லாதபோது பின்னால் வந்து உதவ மாட்டார். அவருக்குப் பின்னால் லெஃப்ட் பேக்காக இருப்பவர் பாவம், இரண்டு பேரைத் தனியாகச் சமாளிக்க வேண்டும். அங்கேயும் ஏறிப்போகும் விங் பேக்கை வைத்தேன். ஒரு சீசன் முழுக்க எனக்கு விழுந்த கோல்களில் பாதி அந்த வழியாகத்தான் வந்தது.

இத்தாலியர்கள் 'ரெஜிஸ்டா' என்பார்கள். சினிமா இயக்குநருக்கும் அதே சொல்தான். தடுப்பாட்டத்துக்கு முன்னால் நின்று ஆட்டத்தையே இயக்குபவர். பிர்லோ என்றதும் ஞாபகம் வருவது அந்த ரோல்தான். மிலான் அணியில் பயிற்சியாளர் அன்செலோட்டி அவரைப் பின்னால் இறக்கி அந்த இடத்தைக் கொடுத்தபோது, பக்கத்தில் யாரை வைத்தார் தெரியுமா? கட்டூஸோவை. பிர்லோ படம் எடுக்க, கட்டூஸோ ஓடி ஓடிக் கூட்டத்தை ஒதுக்கினார். பிர்லோவை மட்டும் வாங்கிவந்து பக்கத்தில் இன்னொரு பிர்லோவை வைத்தால் படம் முடியாது.

செகுண்டோ வொலாண்டே என்ற பெயரையும் சொல்லிவிடுகிறேன். போர்ச்சுகீஸ் மொழியில் வொலாண்டே என்றால் கார் ஸ்டியரிங். பிரேசிலில் தடுப்பு நடுக்கள வீரரை அப்படி அழைப்பதால், அணியைத் திருப்புபவர் என்ற அர்த்தத்தில் வந்தது என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். உண்மையில் அது ஓர் ஆளின் பெயர். கார்லோஸ் வொலாண்டே என்ற அர்ஜென்டினாக்காரர் 1930-களின் கடைசியில் ஃபிளமெங்கோவுக்கு வந்து அந்த இடத்தில் ஆடினார். ஆள் போய்விட்டார், பெயர் இடத்தோடு ஒட்டிக்கொண்டது.

முட்டுக்கட்டை

தேர் இழுக்கும்போது எல்லோர் கண்ணும் வடம் பிடிப்பவர்கள் மேல்தான் இருக்கும். சக்கரத்தோடு ஒட்டி நடந்து, தேவையான நொடியில் கட்டையைச் சொருகித் தேரை நிறுத்துபவர், திருப்புபவர் யாருக்கும் தெரிவதில்லை. அவர் இல்லாவிட்டால் தேர் நேராக ஏதாவது கடைக்குள் போய்விடும். முட்டுக்கட்டை என்ற சொல்லை நாம் ஏன்தான் வசவாக்கினோமோ!

அணியிலும் அந்த ஆட்களை முதலில் எண்ண வேண்டும் என்பது என் பழக்கம். நாம் தாக்கும்போது பந்துக்குப் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள்? பெரிய அணிகள் இப்போதெல்லாம் ஐந்து பேரை முன்னே அனுப்பி ஐந்து பேரைப் பின்னால் வைக்கின்றன. பின்னால் மூன்று, அவர்களுக்கு முன்னால் இரண்டு, அல்லது அதையே தலைகீழாக. 2022-23-ல் மான்செஸ்டர் சிட்டி ஜான் ஸ்டோன்ஸைத் தடுப்பாட்டத்திலிருந்து நடுக்களத்துக்கு ஏற்றி ரோட்ரிக்குப் பக்கத்தில் நிறுத்தியதும் இந்த எண்ணிக்கைக்காகத்தான். பார்க்க ஒரு டிஃபென்டரைத் தாக்குதலுக்கு அனுப்பியது போலிருக்கும். பந்து பறிபோனால் நடுவழியை அடைக்கக் கூடுதலாக ஒருவர் என்பது அதிலேயே அடங்கியிருக்கிறது.

மருமகனின் அணியில் பின்னால் நின்றவர்களை எண்ணினேன். இரண்டு சென்டர் பேக், நடுக்களத்தில் ஒருவர், உள்ளே வந்த லெஃப்ட் பேக். நான்கு பேர். ரைட் பேக்கும் வொலாண்டேயும் ஒரே நேரத்தில் போய்விடுகிறார்கள்.

இங்கே 'ட்ரெய்ட்' என்று ஒரு சமாச்சாரத்தையும் பார்க்க வேண்டும். வீரரின் பக்கத்தில் சின்னதாக எழுதியிருக்கும், அவருக்கு ஊறிப்போன பழக்கங்கள். 'முடிந்தபோதெல்லாம் முன்னேறுவார்', 'இடதிலிருந்து உள்ளே வெட்டுவார்', 'கீழே இறங்கிப் பந்து வாங்குவார்' என்பது போல. ரோல் நீங்கள் கொடுக்கும் உத்தரவு, ட்ரெய்ட் அவருடைய தொட்டில் பழக்கம். இரண்டும் மோதினால் உத்தரவு முழுதாகச் செல்லாது. முட்டுக்கட்டை போட வேண்டிய இடத்தில், முன்னேறத் துடிக்கும் பழக்கமுள்ளவரை டிஃபெண்ட் டியூட்டியில் வைத்தால், பாதி நேரம் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டே வடம் பிடிக்கப் போய்விடுவார். பயிற்சியில் சில பழக்கங்களை மறக்கவைக்கலாம், மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் வேறு ஆளைப் பார்ப்பது சுலபம்.

என்ன மாற்றினோம்

மறுநாள் சாயங்காலம் போனில் பேசிக்கொண்டே செய்தோம். லெஃப்ட் பேக்கைப் பார்த்தேன். க்ராஸிங் 8, பாஸிங் 14, டெசிஷன்ஸ் 13. இவர் ஓரத்துக்கான ஆள் இல்லை, உள்ளே வருவதே சரி. இன்வெர்ட்டட் விங் பேக் அப்படியே இருக்கட்டும். அப்படியானால் ஓரத்தை விங்கர் பிடிக்க வேண்டும். இருக்கிற விங்கர் வலது கால்காரர். இடது கால் பலவீனம் என்று எழுதியிருக்கிறது. கோட்டோரத்தில் அவரை நிறுத்தினால் ஒவ்வொரு தடவையும் பந்தை வலது காலுக்கு மாற்றிக்கொண்டு உள்ளேதான் திரும்புவார்.

"பெஞ்சுல இடது கால் ஆள் யாராவது?"

"ஒரு சின்னப் பையன் இருக்கான் மாமா. பேஸ் 15, க்ராஸிங் 12. ஆனா மஞ்சள் வட்டம்."

"அவனைப் போடு. விங்கர், சப்போர்ட்."

"மஞ்சள் மாமா."

"போடுடா."

வொலாண்டேயை எடுத்துவிட்டு அங்கே சாதாரண டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர், டிஃபெண்ட். வலது பக்கம் விங்கர் ஓரத்திலேயே இருக்கட்டும், ரைட் பேக்கை ஃபுல் பேக் டிஃபெண்டுக்கு இறக்கினோம். இப்போது பின்னால் எண்ணினால் இரண்டு சென்டர் பேக், ரைட் பேக், அவர்களுக்கு முன்னால் டிஃபென்சிவ் மிட்ஃபீல்டரும் உள்ளே வந்த லெஃப்ட் பேக்கும். ஐந்து. முன்னால் இரண்டு ஓரமும் நிரம்பிவிட்டது, நடுவில் ஸ்ட்ரைக்கரும் ஷேடோ ஸ்ட்ரைக்கரும். இன்னொரு நடுக்கள வீரரை பாக்ஸ் டு பாக்ஸ் ஆக்கி நான்காம் பட்டைக்கு அனுப்பினோம். ஸ்ட்ரைக்கரைத் தொடவே இல்லை.

ஒரு வேண்டுகோளும் வைத்தேன். அடுத்த ஆட்டத்தை ஹைலைட்ஸாகப் பார்க்காதே, முதல் இருபது நிமிஷமாவது முழுசாக, மேலிருந்து பார்க்கும் இரு பரிமாணக் காட்சியில் பார். பொம்மை வீரர்கள் ஓடுவதைவிட அந்தப் புள்ளிகள் நகர்வது உண்மையைச் சொல்லும். எங்கே கும்பல் சேர்கிறது, எங்கே வெறிச்சோடுகிறது என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். ஆட்டம் முடிந்ததும் வீரர்களின் சராசரி நிலையைக் காட்டும் படத்தில் இரண்டு பேர் ஒருவர் மேல் ஒருவர் ஏறி நின்றால், அங்கே ஒரு ரோல் வீண்.

முதல் ஆட்டம் 1-1. அவனுக்கு ஏமாற்றம். எனக்கு இல்லை, எதிர்த்தாக்குதலில் வாய்ப்பே கொடுக்கவில்லை. அடுத்தது 2-0.

எதிரே இருப்பவன்

இதற்குமேல் ஒரு சிக்கல் உண்டு, அது பெரும்பாலும் இரண்டாம் சீசனில் வரும். சிறிய அணியை எடுத்து ஆடியபோது எனக்கு ஒரு ஸ்ட்ரைக்கர் இருந்தார். வேகம் 16, ரோல் அட்வான்ஸ்டு ஃபார்வர்ட். தடுப்பாட்டத்துக்குப் பின்னால் ஓடி ஓடி முதல் சீசனில் 21 கோல். அடுத்த சீசனில் அதே ஆள், அதே ரோல், அதே பச்சை, டிசம்பர் வரை நான்கு கோல். ஏதோ கெட்டுவிட்டது என்று பயிற்சியை மாற்றினேன், மன உறுதியைக் கவனித்தேன், கடைசியில் விற்கக்கூடப் பார்த்தேன். கெட்டது எதுவும் இல்லை. முதல் வருஷம் எங்களைச் சின்ன அணி என்று நினைத்து எல்லோரும் ஏறி வந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் ஓட ஒரு மைதானமே கிடந்தது. இரண்டாம் வருஷம் எங்களுக்குப் பேர் வந்துவிட்டது. எல்லோரும் பெட்டிக்கு முன்னால் மதில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஓடுவதற்கு இடமில்லாத இடத்தில் ஓட்டக்காரர் என்ன செய்வார்! அவரைக் கீழே இறங்கும் ரோலுக்கு மாற்றி, பின்னாலிருந்து புகும் ஒருவரைச் சேர்த்த பிறகுதான் மதிலில் கல் பெயர்ந்தது.

26-ஆம் பதிப்பில் இதே கேள்வியை மறுபக்கத்திலிருந்தும் கேட்கலாம். பந்து எதிரணியிடம் இருக்கும்போது விங்கர் பின்னால் வந்து ஃபுல் பேக்குக்குத் துணை நிற்க வேண்டுமா, இல்லை மேலேயே தங்கிப் பந்து பறித்ததும் ஓடத் தயாராக இருக்க வேண்டுமா என்று தனித்தனி ரோல். தங்கச் சொன்னால், அவருக்குக் கீழே இருக்கும் ஃபுல் பேக் தனியாகச் சமாளிப்பாரா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். ரவும்டாய்ட்டரால் நான் பட்டது போதும்.

கட்டைவிரலால் ஆடும் விளையாட்டுகளிலும் இப்போது ரோல் வந்துவிட்டது. ஃபிஃபா என்ற பெயரை விட்டு இஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி ஆன தொடரில், 2024 செப்டம்பரில் வந்த எஃப்சி 25-ல் ஒவ்வொரு வீரருக்கும் ரோல், அதில் அவர் எவ்வளவு தேர்ந்தவர் என்பதற்கு ஒரு பிளஸ், இரண்டு பிளஸ் குறி. எல்லோரும் இரண்டு பிளஸ் ஆளுக்கே அலைகிறார்கள். கவனிக்க வேண்டியது, அந்த ரோல் வேலை செய்வது நீங்கள் கையில் பிடித்திருக்கும் ஆளுக்கு இல்லை. அவரை நீங்களே ஓட்டுகிறீர்களே. மற்றவர்கள் பந்து இல்லாமல் எங்கே நகர்கிறார்கள் என்பதைத்தான் ரோல் தீர்மானிக்கும். உங்களுக்குப் பாஸ் போட ஆள் எங்கே வேண்டும் என்று பார்த்து ரோல் கொடுங்கள். கோனாமியின் ஈஃபுட்பாலில் ஆடும் பாணி வீரரின் கார்டிலேயே அச்சடித்து வரும், நீங்கள் மாற்ற முடியாது. பொருத்தமில்லாத இடத்தில் நிறுத்தினால் அந்தப் பாணி விழித்துக்கொள்ளவே செய்யாது. பெட்டிக்குள் பதுங்கி நிற்கும் பாணிக்காரரை, நல்ல மார்க் இருக்கிறதே என்று நடுக்களத்தில் போட்டால், கார்டில் இருக்கும் எண் மட்டும்தான் உங்களுக்கு மிச்சம்.

போன வாரம் மருமகனிடம் சீசன் என்ன ஆயிற்று என்று கேட்டேன். ஆறாம் இடத்துக்கு வந்து ப்ளே ஆஃபில் தோற்றுவிட்டானாம். அந்த இடது கால் பையன் ஒன்பது கோலுக்குப் பந்து எடுத்துக் கொடுத்திருக்கிறான். அவன் பெயருக்குப் பக்கத்தில் வட்டம் இன்னும் மஞ்சளாகத்தான் இருக்கிறது, வித்துடலாமா மாமா என்று கேட்கிறான்.